ரெஜினா டீச்சரும் மூக்கனேந்தல் நெருப்பும்

மூக்கனேந்தல் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு எரிதல் வினை நடத்திய வெள்ளிக்கிழமையன்று, ரெஜினா டீச்சர் மேசைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, "உள்ள இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் அணைஞ்சிரும், எண்ணுங்க" என்று சொன்னாள். பிள்ளைகள் இருபது வரை எண்ணினார்கள், நூறு வரை எண்ணினார்கள், முந்நூறைத் தாண்டியபோது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று, மெழுகுவத்தி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல டம்ளருக்குள் நின்று எரிந்துகொண்டிருந்தது.

டீச்சருக்கு அது அவமானமாகப் போயிற்று. விளிம்பில் எங்காவது சந்து இருக்கும் என்று பிள்ளைகளை விட்டு ஈரமண் குழைத்து டம்ளரைச் சுற்றிப் பூசச் சொன்னாள். மண் பூசிக் காற்றை அடைப்பதில் அந்த ஊர்ப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஏனென்றால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஊர் அது. எறும்புக்குக்கூட வழியில்லாமல் பூசினார்கள். அப்படியும் மெழுகுவத்தி எரிந்தது.

"டீச்சர், காத்து தீரவே இல்லையே" என்றாள் முதல் பெஞ்சு தவமணி.

"புத்தகத்துல தீர்ந்துரும்னு போட்டிருக்கு. அப்படியே எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சிறப்பு வகுப்புக்கு வந்துவிடலாம் என்று, டவுனில் இருந்த தோழி வீட்டுக்குப் போக நாலு நாற்பது பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கண்மாய்க்கரை முடிகிற இடத்தில் இருந்த எல்லைக்கல்லைத் தாண்டியதுதான் தாமதம், டம்ளருக்குள் இருந்த மெழுகுவத்தி அணைந்தது. அதோடு டீக்கடை பாய்லர் அணைந்தது, ஊர்த்தலைவர் கூரிச்சாமி வாயில் இருந்த பாதிப் பீடி அணைந்தது, கேஸ் அடுப்புகள் நெருப்பில்லாமல் உஸ்ஸென்று வெறும் வாயுவை ஊத, பெண்கள் ஓடிப்போய்க் குமிழைத் திருகினார்கள், விறகடுப்பு, காமாட்சி விளக்கு, இஸ்திரிப் பெட்டி, ஊரைச் சுற்றி நாற்பது இடத்தில் புகைந்துகொண்டிருந்த கரிமூட்டம் என்று நெருப்பு என்ற பேரில் எது இருந்ததோ அத்தனையும் ஒரே மூச்சில் அணைந்தன.

வேறு ஊராக இருந்தால் மறு நிமிடமே குச்சியை எடுத்து உரசியிருப்பார்கள். மூக்கனேந்தலில் உரசமாட்டார்கள். மூட்டம் பாதியில் அணைந்தால் உள்ளே எரியாத புகை கட்டிக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டு அதில் மறுபடி நெருப்பு வைத்தால் குபீரென்று வெடித்து முகத்தில் அடிக்கும். அப்படி இரண்டு பேருக்குப் புருவம் போயிருக்கிறது, ஒருத்தருக்குக் கண்ணே போயிற்று. அதனால் அணைந்த நெருப்பில் அன்றைக்கே குச்சி உரசக்கூடாது, பொழுது விடிந்து எல்லைக்கல்லுக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் உரச வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புத்திசாலி சொல்லிவைத்தான். மூட்டத்துக்குச் சொன்னது மெல்ல அடுப்புக்கும் வந்தது, அடுப்புக்கு வந்தது விளக்குக்கும் பீடிக்கும் வந்தது. ஊர் அன்றிரவு பச்சைத் தண்ணீரையும் பழைய சோற்றையும் குடித்துவிட்டுப் படுத்தது.

விடிந்து, தேங்காய் வாங்கப் போனவன் திரும்புவதற்குள் ஏழேகால் பஸ் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தது. யாரும் தொடாமலே அடுப்புகள் பற்றின. மூட்டங்கள் விட்ட இடத்திலிருந்து புகைந்தன. தலைவர் காதில் செருகியிருந்த பீடி புகைய, அவர் காதைத் தட்டிக்கொண்டு குதித்தார்.

"டீச்சர் போனாக அணைஞ்சுச்சு, டீச்சர் வந்தாக பத்திக்கிச்சு" என்றாள் தவமணி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று ஒருத்தர் கேட்கவில்லை. மழை ஏன் இந்த ஊரில் பெய்வதில்லை என்று கேட்டு என்ன கண்டார்கள், இதைக் கேட்டு என்ன காணப்போகிறார்கள்.

ரெஜினா சிரித்தாள். எரிதலுக்கு வேண்டியது எரிபொருள், காற்று, வெப்பம், மூன்றே மூன்று என்று கரும்பலகையில் முக்கோணம் போட்டுக் காட்டினாள். சிரிப்பு இரண்டு வாரம்தான் நீடித்தது. மாதக் கடைசியில் அவள் வழக்கம்போல நெடுங்கரைக்கு, தன் வீட்டுக்காரர் மரியதாஸைப் பார்க்கக் கிளம்பினாள். மரியதாஸ் அங்கே நூற்பாலையில் ஃபிட்டர். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு வருஷம்தான் ஒரே கூரையில் இருந்திருக்கிறார்கள், மற்ற ஆறு வருஷமும் மாதத்துக்கு இரண்டு நாள் கணக்குதான். அவள் பஸ் ஏறிய நேரம் பார்த்து, சுடுகாட்டில் சோணைமுத்துக் கிழவர் பாதி எரிந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் டிராக்டர் வந்து பஸ்ஸை மறித்தது. கிழவரின் மகன்கள் நாலு பேரும் மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாக இறங்கி, நடுரோட்டில் அவள் காலில் விழுந்தார்கள். "எங்கப்பன் அரையும் குறையுமா கெடக்காரு டீச்சர். வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்று மூத்தவர் அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். டிராக்டர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் தூரத்தில் சுடுகாட்டுப் புகை எழுந்தது. அதைப் பார்த்து அவளும் அழுதாள், ஆனால் கிழவருக்காக இல்லை.

அதற்குப் பிறகு மூக்கனேந்தல் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஒரு கதவைப் பூட்டவில்லை. அவள் வெளியே போக வேண்டிய காரணங்களை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டவுனுக்குப் போவாள் என்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கருவேலங்கட்டையில் சிலுவை செய்து நட்டு, ஜெபத்துக்கு ஒரு சிஸ்டரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். சேலைக்காரர் மூட்டையோடு வந்தார், பல் டாக்டர் நாற்காலியோடு வந்தார். மாதக் கடைசியில் மரியதாஸையே வாடகைக் காரில் அழைத்துவந்து, கறிச்சோறு போட்டு, இரண்டாம் நாள் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். பஸ் கண்டக்டர் அவளைக் கண்டால் டிக்கெட் கிழிப்பதில்லை, "எங்க வயித்துல அடிக்காதீக டீச்சர்" என்று கும்பிடுவதோடு சரி. தங்கக் கூண்டு என்றாலும் கூண்டுதான் என்று சொல்வார்கள். இது கருவேலங்கட்டைக் கூண்டு.

அரையாண்டுத் தேர்வில், எரிதலுக்குத் தேவையானவை யாவை என்ற கேள்விக்கு, முப்பத்தொரு பிள்ளைகளும் ஒன்றுபோல, எரிபொருள், காற்று, வெப்பம், ரெஜினா டீச்சர் என்று எழுதியிருந்தார்கள். அவள் நாலாவதை அடித்துச் சிவப்பு மையில் தவறு என்று போட்டாள்.

"தப்புன்னு நீங்களே சொன்னா எப்படி டீச்சர்? நீங்க இல்லாம எரிஞ்சு காட்டட்டும், ஒத்துக்கிறேன்" என்றாள் தவமணி.

ரெஜினா சிவப்புப் பேனாவை மறுபடி எடுத்து, அரை மதிப்பெண் கொடுத்தாள். அன்று முழுக்க அவள் மனசு ஆறவில்லை. மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெப்பமும் வரும் என்று நோட்டில் எழுதிப் பார்த்தாள். அம்புக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிப் பார்த்தாள். இதில் தான் எங்கே வருகிறோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு ரகசியத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் நடந்து போகும்போது அடுப்படியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, நெருப்பைத் தொட்டுக் கும்பிடுவதுபோல அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அது அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது.

அவள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு முத்திருளாயி. நாற்பது வயசுக்காரி, தனியாளாக மூட்டம் போடுகிறவள், டீச்சருக்கு மூன்று வேளையும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொண்டுவந்து வைக்கிறவள். ஒருநாள் ரெஜினா அவளோடு மூட்டத்தடிக்குப் போய் நின்றாள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டை, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் ஈரமண். அடிவாரத்தில் நாலைந்து ஓட்டை. முத்திருளாயி ஓர் ஓட்டையை மண்ணால் அடைத்து, இன்னொன்றைக் குச்சியால் குத்தித் திறந்தாள்.

"எதுக்கு ஒண்ண அடைச்சு ஒண்ணத் தெறக்கிறீங்க?"

"நெறையா காத்து விட்டா எல்லாம் சாம்பலாப் போகும் தாயி. விடாமயே இருந்தா அணைஞ்சுபோகும். அளந்து அளந்து விடணும். எரியவும் கூடாது, சாகவும் கூடாது. அப்பத்தான் கரி."

அது முழுமையற்ற எரிதல், ஒன்பதாவது பாடம், ஆறு வருஷமாக அவள் நடத்துகிற பாடம். சிஸ்டரும் சேலைக்காரரும் வாடகைக் காரும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. இந்த ஊர் தன்னை மூட்டம் போட்டிருக்கிறது என்று ரெஜினாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, விளங்கி அவளுக்கு மூச்சு முட்டியது. முத்திருளாயி ஒன்றும் அறியாமல் அவள் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

எட்டாவது மாதம் நெடுங்கரைக்கு மாறுதல் உத்தரவு வந்தது. ஆறு வருஷமாக எழுதிப்போட்ட விண்ணப்பம். பதினாலாம் தேதி மாலைக்குள் பணியில் சேராவிட்டால் உத்தரவு ரத்து, அடுத்தது எப்போது என்று அந்த ஆண்டவனுக்கும் தெரியாது. பன்னிரண்டாம் தேதி மரியதாஸ் தானாகவே பஸ் ஏறி வந்து, ஊர்க்கூட்டத்தின் நடுவில் நின்றார்.

"என் சம்சாரத்தை என்கூட அனுப்புங்கய்யா. வயசு போகுது. ஆறு வருஷமா நானே பொங்கி நானே தின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலங்கிப்போயிற்று. ஒருத்தர் குடும்பத்தைப் பிரித்த பாவம் ஊருக்கு வேண்டாம் என்றார்கள், நாற்பது மூட்டமும் அணைந்தால் நாலு நாளில் சோற்றுக்கு என்ன வழி என்றும் கேட்டார்கள். கூரிச்சாமி தலைவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"டீச்சர், நீங்க பதினாலாந்தேதி காலை பஸ்ஸுக்குப் பொறப்படுங்க. ஊரைப் பத்தி ரோசனை பண்ணாதீக. நாங்க பாத்துக்கிடுறோம்."

ரெஜினாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. முத்திருளாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். பதினாலாம் தேதி காலை பஸ் கண்மாய்க்கரைக்கு வந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து திரும்பிப் பார்த்தால் நாற்பது புகையும் நிதானமாக எழுந்துகொண்டிருந்தது. எல்லைக்கல் இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. விட்டுவிட்டார்கள், நெருப்பும் தன்னை விட்டுவிட்டது என்று அவள் மரியதாஸின் தோளில் சாய்ந்து, எட்டு மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினாள்.

பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்து யாரோ அவளை எழுப்பினார்கள். ஒரு கரி லாரி பஸ்ஸை முந்திக்கொண்டிருந்தது. லாரியின் மேலே கூரிச்சாமி தலைவரும் பன்னிரண்டு ஆட்களும் உட்கார்ந்திருக்க, அவர்கள் நடுவில், குங்குமம் வைத்து மாலை போட்டு, கயிற்றால் கட்டி, மூக்கனேந்தல் எல்லைக்கல் பயணம் செய்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் தலைவர் சந்தோஷமாகக் கையாட்டினார். "நெனைச்ச இடத்துக்குப் போங்க டீச்சர்! ஊரு ஒங்களுக்கு முன்னாடியே போகுது!" என்று காற்றை மீறிக் கத்தினார்.

அவர்கள் மனசில் கள்ளம் இல்லை. கல் இருக்கிற இடம்வரை ஊர், கல்லைத் தள்ளி வைத்தால் ஊரும் தள்ளிப் போகும், டீச்சரும் புருஷனோடு இருந்துகொள்ளலாம், அடுப்பும் எரியும், யாருக்கும் நஷ்டமில்லை. நெடுங்கரையில் பஸ் போகிற தெருவிலேயே மரியதாஸின் வாடகை வீடு, இரண்டு வீடு தள்ளிப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துச் சுவர் முடிகிற மூலையில் குழி தோண்டிக் கல்லை நட்டு, தேங்காய் உடைத்து, அவள் கையெழுத்துப் போட்டுப் பணியில் சேருகிறவரை வாசலில் காத்திருந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மூக்கனேந்தல் தொண்ணூறு கிலோமீட்டர் நீளமும் ஒரு பஸ் அகலமும் உள்ள ஊரானது. வருவாய்த்துறைக்கு இது இன்னும் தெரியாது.

இவ்வளவு தூரம் வந்தும் ஊரைவிட்டு ஓரடி வெளியே வரவில்லையே என்று ரெஜினாவுக்கு ஏக்கமாக இருந்தது. அன்று மாலை, கொத்துமல்லி வாங்க மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தாள். மார்க்கெட் கல்லுக்கு அந்தப்புறம். அவள் கல்லைத் தாண்டிப் பத்தடி வைப்பதற்குள் செல்போன் அடித்தது.

"எங்க இருக்க தாயி?" மூக்கனேந்தலிலிருந்து முத்திருளாயி கேட்டாள். "இங்க எல்லாம் அணைஞ்சுபோச்சு. பாலு அடுப்புல இருக்கு."

அவள் திரும்பி நடந்தாள். வீட்டு வாசலில் மரியதாஸ் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை ஏழு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

"சொன்னாங்க, நான் நம்பலை ரெஜி. நீ அந்தக் கல்லைத் தாண்டுற, இங்க அடுப்பு பொசுக்குன்னு அணையுது. நீ திரும்பி வர்ற, தானாப் பத்திக்குது! இனிமே நீ இல்லாம இந்த வீட்டுல அடுப்பெரியாது போ."

"அணைஞ்சதும் நீங்க மறுபடி உரசிப் பார்க்கலையா?"

"எதுக்கு? நீதான் வந்துருவியே."

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆறு வருஷமாகத் தினமும் மூன்று வேளை அதே அடுப்பைத் தன் கையால் பற்றவைத்த மனிதர். மூட்டம் வெடிக்கும் என்ற பயம் அவருக்கு இல்லை, தேங்காய் உடைக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் உரசவில்லை. இந்த எட்டு மாதத்தில், அவள் இல்லாத நேரத்தில், ஒரே ஒருத்தர்கூட ஒரு குச்சியை உரசிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேதியியல் படித்த தானும், உரசிப் பார்த்தீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கும்பிடு போய்விடும் என்று தன்னில் ஏதோ ஒன்று வாயை மூடிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"நான் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கப்போறேன். அணையும். கேஸை மூடி வச்சுட்டு, கொஞ்சம் பொறுத்து, நீங்க உரசுங்க."

"பத்தலைன்னா?"

"பத்துற வரைக்கும் உரசுங்க."

கல்லைத் தாண்டி நின்றாள். அங்கிருந்து அடுப்படி ஜன்னல் தெரிந்தது. செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. முதல் குச்சி உரசும் வெளிச்சம் வந்து அணைந்தது. இரண்டாவது அணைந்தது. செல்போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மூன்றாவது குச்சியில் ஜன்னலுக்குள் நீலமாக வட்டம் ஒன்று எழுந்து, அப்படியே நின்றது. மரியதாஸ் ஜன்னலுக்கு வந்து அவளை எட்டிப் பார்த்தார். ஏதோ கைப்பொருளைத் தொலைத்தவர்போல இருந்தது அவர் முகம்.

அவள் போனை எடுத்தாள்.

"தாயி, எங்க இருக்க? பாலு..."

"குச்சியை எடுங்க அக்கா. உரசுங்க."

"ஆத்தாடி, அணைஞ்ச நெருப்புல அன்னைக்கேவா?"

"அது மூட்டத்துக்கு. அங்க புகை அடைஞ்சிருக்கும், வெடிக்கும். மூட்டத்தை விடியுற வரைக்கும் யாரும் தொட வேண்டாம். விறகடுப்புல ஒண்ணும் அடைஞ்சு கிடக்காது. கதவைத் தெறந்து வச்சுட்டு உரசுங்க, நான் போன்லயே இருக்கேன்."

தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி, தீப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசும் சத்தம். அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். கல் நகர்ந்ததில் ஊருக்குள் வந்துவிட்ட வழிநெடுக டீக்கடைக்காரர்கள் இதற்குள் பாய்லரைத் திட்டிக்கொண்டே பற்றவைத்து வியாபாரத்தைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஏழாவது குச்சிக்கு முத்திருளாயி மூச்சை இழுத்துப் பிடிப்பது போனிலேயே தெரிந்தது.

"பத்திக்கிச்சு" என்றாள்.

ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு மாதமாகக் கட்டிவைத்த மூச்செல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. சிரிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து முத்திருளாயி, சின்னப் பிள்ளை கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, இனிமே நீ வரவே மாட்டியா தாயி?"